கதிரையில் இருத்த வராத கை

நேற்றுப் பின்னேரம் கட்சியிலிருந்து இரண்டு பேர் அச்சுவேலிக்கு என் வீடு தேடி வந்து, கையில் ஒரு படத்தைத் தந்தார்கள். ஓரம் பழுப்பேறி, நடுவில் மடிப்பு விழுந்த படம். கிடுகுப் பந்தலும் மாவிலைத் தோரணமும் தெரிகின்றன. மேடையில் கதர் உடுத்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் தலைவரின் ஆசனம், முதிரை மரத்தில் செய்த கதிரை, வெறுமையாக இருக்கிறது. அதற்கு வலப்பக்கத்தில், அதன் கைப்பிடியில் விரல்கூடப் படாமல், நீ நிற்கிறாய்.

வந்தவர்களில் ஒருவன் கட்சியின் ஆண்டு மலருக்குச் செயலாளர். தலைவர்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறானாம். அந்த வருஷத்துத் தலைவர் யார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "கதிரை வெறுமையாக் கிடக்கு, ஐயா. பக்கத்திலை நிக்கிறவரை ஆருக்கும் தெரியேல்லை. அந்த வருஷம் கட்சிக்குத் தலைவர் இல்லையெண்டு எழுதுவமோ?" என்று கேட்டான். நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்குள் நின்ற என் மனைவி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர்கள் போன பிறகும் இரவெல்லாம் நீ கால்மாற்றி நிற்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்காதே.

நீ இல்லாமற்போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. வெள்ளைக்காரன் கொடி இறங்கிவிட்டது. எங்கள் கட்சி இப்போது கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிறது. தேசியக் கட்சி என்று சொல்லிக்கொண்டு இந்தத் தீவட்டியை முதலில் கொளுத்தியவர்கள் யாழ்ப்பாணத்து ஒரு கைப்பிடிப் பேர் என்று யாருக்காவது சொன்னால், தாத்தா கதை விடுகிறார் என்று பார்க்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதையும் நக்கல் அடித்திருப்பாய்.

உன்னைப் பெற்ற அப்பு பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். எங்கள் வளவுப் படலைக்குள் வந்தால் முற்றத்தோடு நிற்கவேண்டும். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நான் வாங்குப் பலகையில் இருந்து படித்தேன், நீ நிலத்தில் சாக்கு விரித்து இருந்து படித்தாய். ஒருநாள் பாதிரியார் துணிந்து உன்னை என் பக்கத்தில் வாங்கில் இருத்தினார். அடுத்தநாள் காலை அந்த வாங்கு பள்ளிக்கூடக் கிணற்றுக்குள் கிடந்தது. எல்லாரும் கிணற்றைச் சுற்றி நின்று வாய்பார்க்க, நீ என் காதுக்குள் சொன்னாய்: "பார் மச்சான், வாங்கு என்னைவிட நல்லா நீந்துது."

அந்த 'மச்சான்' நாங்கள் இருவரும் தனியே நின்றால் மட்டும்தான். நாலுபேர் முன்னால் என்னை நீ எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை. 'நீ' என்றால் சண்டை வரும், 'நயினார்' என்று சொல்ல உனக்கு வாய் வராது. ஆகவே என்னிடம் ஏதும் கேட்பதானால் சுவரைப் பார்த்துக் கேட்பாய். எனக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு உன்னைவிட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வளர்ந்து நீ பண்டத்தரிப்பில் வாத்தியாரானாய். நான் கட்சியின் காரியதரிசியானேன். உன்னைக் கட்சிக்குக் கூட்டிவந்தவன் நான் என்று ஊரில் பேச்சு. உண்மையில் கூட்டத்துக்குக் கூட்டம் சைக்கிளில் பண்டத்தரிப்பிலிருந்து வந்து பின்வரிசையில் நின்றது நீயாகத்தான். பேச எழும்பினால் சனம் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடும். பூரண சுயராச்சியம் என்ற வார்த்தையைத் தோட்டக்காரனுக்கும் மீன்காரனுக்கும் விளங்கச் சொன்னவன் எங்களுக்குள் நீ ஒருவன்தான்.

கட்சியின் முதல் தலைவர் ஒரு வயதான வைத்தியர். அடுத்த மகாநாட்டில் அவர் எழும்பி, புதிதாகத் தெரிவான அப்புக்காத்தரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் கதிரையில் இருத்தினார். கோட்டில் வாதாடிப் பெயரெடுத்த மனிதர் அப்புக்காத்தர். அன்று அவருடைய கண்ணே கலங்கிவிட்டது. சனமும் கலங்கியது. அந்தக் காட்சி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், கட்சி விதியாகவே எழுதிவைத்தார்: முன்னைய தலைவர் ஒருவர் கையைப் பற்றி இருத்தினாலன்றிப் புதிய தலைவர் ஆசனத்தில் அமரலாகாது. சட்டம் படித்தவர் எழுதிய விதியல்லவா, ஓரிடத்திலும் ஓட்டை இல்லை.

செயற்குழு அவருடைய வீட்டு விறாந்தையில்தான் கூடும். எங்களுக்கு வீட்டுப் பித்தளைப் பேணியில் தேத்தண்ணி வரும். உனக்கு மட்டும் சோடாப் போத்தல் உடைத்துத் தருவார்கள். "வாத்தியாருக்குச் சோடா குடு," என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்லுவதைக் கேட்டால், உனக்குத்தான் விசேஷ மரியாதை என்று புதியவர்கள் நினைப்பார்கள். வீட்டுப் பேணி உன் கைக்கு வரக்கூடாது, அதற்குத்தான் அந்தச் சோடா. அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் செய்வது பெருந்தன்மை என்றே மனதார நம்பினார். திரும்பி வரும் வழியில் நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு, கட்சிக்காகச் சோடா குடித்தே வயிறு ஊதியவன் நாடு முழுக்க நீ ஒருவன்தான் என்பாய்.

வைத்தியர் செத்துப்போனார். அப்புக்காத்தர் சில வருஷம் தலைவராக இருந்து, ஒருநாள் செயற்குழுவில் எழும்பி நின்று முழங்கினார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று மேடையில் கதைத்தால் போதாது, செய்து காட்ட வேண்டும், அடுத்த தலைவராக வாத்தியாரைத் தான் முன்மொழிகிறேன் என்றார். எங்களுக்கு உடம்பு புல்லரித்தது. கொழும்புப் பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கி வைத்து எழுதின. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, நீ சுவரைப் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "ஐயா தான் எழுதின விதியை மறந்துபோனார்."

அவர் பெயரைத்தான் யோசித்தார், கையை யோசிக்கவில்லை. வைத்தியர் இல்லாதபடியால் உயிரோடு இருந்த ஒரே முன்னைய தலைவர் அவர்தான். நடுமேடையில், தன் சுற்றத்தார் எல்லாரும் பார்த்திருக்க, உன் கையை அவர் பிடிக்கவேண்டும். இது எனக்கு அன்று பின்னேரம்தான் உறைத்தது. அவருக்கு எப்போது உறைத்ததோ தெரியாது.

மகாநாட்டன்று காலை அவருடைய கார் வந்தது. நாங்கள் மாலையோடு ஓடினோம். இறங்கியவர் அவருடைய கிளாக்கர். ஐயாவுக்குக் காய்ச்சலாம், வர ஏலாதாம், தன்னைப் பாராமல் காரியத்தை நடத்தட்டாம் என்றார். பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்தது. கரவெட்டியிலிருந்து உன் சொந்தக்காரர் இரண்டு வண்டி கட்டி வந்து, கடைசியில் நின்றார்கள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. முதலில் நீ இருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் காரியதரிசி. விதியையும் மண்ணாங்கட்டியையும் விட்டுத்தள்ளு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு உன்னிடம் வந்து கையை நீட்டினேன். மேடையில், அத்தனை பேர் முன்னால், நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்றைக்கு நீ சுவரைப் பார்க்கவில்லை.

"நீ ஏன் மச்சான்? உன்ரை கை எனக்குப் புதிசில்லை. வரவேண்டிய கை வரட்டும்."

பிறகு சபையைப் பார்த்துச் சொன்னாய்: "கதிரை இருக்கட்டும். ஐயா சுகமாகி வந்து இருத்தும்வரைக்கும் நான் நிண்டு நடத்துறன்." சனம் கைதட்டியது. உன் அடக்கத்தை மெச்சித்தான் தட்டினார்கள். கடைசியில் நின்ற உன் சொந்தக்காரர் மட்டும் தட்டவில்லை. பின்னேரம் மகாநாடு முடியும்வரை அவர்களும் நின்றார்கள். அதற்கிடையில்தான் படக்காரன் ஒருவன், நேற்று என் கைக்கு வந்த அந்தப் படத்தை எடுத்தான்.

அந்த வருஷம் முழுக்க நீ நின்றாய். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் கிளைகள் முளைத்தன. கொழும்பிலிருந்து சிங்களத் தோழர்கள் வந்து உன் பேச்சைத் தமிழ் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். கட்சிக்கு அப்படி ஒரு வருஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கதிரை மட்டும் வண்டியில் வந்து இறங்கும். நீ அதன் பக்கத்தில் நிற்பாய். அப்புக்காத்தர் மற்ற நாட்களில் கோட்டுக்குப் போவார், கோயிலுக்குப் போவார், கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருப்பார். கூட்டமென்றால் காய்ச்சல். "ஐயாவுக்கு இண்டைக்கு எப்பிடிக் காய்ச்சல்?" என்று வெகு கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு நீ என்னிடம் விசாரிப்பாய். நான் சிரிக்காமலிருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் உன் கெண்டைக்கால் நரம்புகள் புடைத்துவிட்டதை நான் கண்டேன். இரவில் உன் மனைவி எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்றும் அறிந்தேன். போதும், இருந்துவிடு என்று கெஞ்சினேன். ஒருநாள் கோபமாகவே கேட்டேன், ஒரு மரக்கட்டைக்காக ஏன் இந்தப் பிடிவாதமென்று. நீ குனிந்து கெண்டைக்காலைத் தடவிக்கொண்டாய். உன் அப்பு எங்கள் முற்றத்தில் நின்றதை நீ நினைத்தாயோ என்னவோ, நான் நினைத்தேன்.

அடுத்த மகாநாட்டுக்கு முன் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்புக்காய்ச்சல், மெய்யான காய்ச்சல். வைத்தியம் பார்த்த பரியாரியார் கையை விரித்த அன்று நான் அப்புக்காத்தரிடம் போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து அன்பாக விசாரித்தார். ஒருமுறை வந்து அவன் கையைப் பிடியுங்கள், மேடையில் வேண்டாம், வீட்டில் போதும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் திரும்பிப்போய்ச் சாய்மனையில் இருந்துகொண்டார்.

"தம்பி, எனக்கு அவனிலை ஒரு குறையுமில்லை. ஆனா எனக்கு ரெண்டு பெட்டையள் வீட்டிலை இருக்கினம். நான் அவன்ரை கையைப் பிடிச்சனெண்டு தெரிஞ்சா, பேசின கலியாணம் ரெண்டும் குழம்பும்."

"நீங்கள்தானே ஐயா அவன்ரை பேரைச் சொன்னனீங்கள்."

"பேரைத்தான் சொன்னன்," என்றார். அவர் கண் நனைந்திருந்ததை நான் உனக்கு மறைக்கமாட்டேன். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அவன் ஏன் உன்ரை கையைப் பிடிச்சு இருக்கேலாது? நீயும் நல்ல குடும்பத்துப் பிள்ளைதானே?"

"அவன் கேட்டது கதிரையை இல்லை ஐயா, உங்கடை கையை," என்றேன். உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே உன்னிடம் வந்தேன். பாயில் கிடந்தாய். போன இடத்தை நான் சொல்லவில்லை, என் முகம் சொல்லிவிட்டது. வாய் உலர்ந்து உனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் பருக்கிய பிறகு, இழுத்து இழுத்துச் சொன்னாய்:

"நான் படுத்திட்டன் எண்டு சொல்லு. இருந்திட்டன் எண்டு சொல்லிப்போடாதை."

அதற்கும் சிரித்தாய். நான் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உன் செத்தவீட்டுக்கு அப்புக்காத்தர் ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பினார். அவருக்கு உடம்பு சரியில்லையாம். உன் மனைவி அதைத் தொடவில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. பின்னேரம் பார்க்க, வேலியோரம் கட்டியிருந்த ஆடு அதைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த தலைவராக என்னைத் தெரிந்தார்கள். மகாநாட்டன்று அப்புக்காத்தர் காலையிலேயே வந்துவிட்டார், காய்ச்சலின் சுவடே இல்லை. முகம் மலர என்னிடம் வந்து, கதிரையில் இருத்தக் கையை நீட்டினார். நல்ல வெள்ளைக் கை, சந்தனம் பூசியிருந்தது. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது. "நீங்கள் இருத்தவேண்டிய ஆளை இருத்தேல்லை ஐயா. நான் நிக்கிறன்," என்று அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். அவர் கையைச் சால்வைக்குள் எடுத்துக்கொண்டார்.

நான் நின்றேன். எனக்குப் பின்வந்தவரை இருத்த என்னைக் கூப்பிட்டார்கள். ஒருநாளும் இருக்காதவன் எப்படி இன்னொருவரை இருத்துவது என்று மறுத்தேன். அவரும் நின்றார். அவருக்குப் பின்வந்தவர் காரணம் கேட்காமலே நின்றார். இப்படியே ஒரு வழக்கம் முளைத்தது. உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், அது இப்போது கட்சியின் பெருமை. எங்கள் தலைவர்கள் ஆசனத்துக்கு ஆசைப்படாதவர்கள் என்று மேடைக்கு மேடை சொல்லுகிறார்கள். அந்தத் துறவை முதலில் காட்டியவர் அப்புக்காத்தராம். தன் ஆசனத்தைத் தானே விட்டு எழும்பினாராம். மலருக்கென்று எழுதிவந்த கட்டுரையை அந்தச் செயலாளர் எனக்கு வாசித்தே காட்டினான். அப்புக்காத்தர் காலமான பிறகு அவருடைய படத்தைச் சட்டம் போட்டு, மாலை சூட்டி, அந்தக் கதிரையில்தான் வைக்கிறார்கள். நீ ஒரு வருஷம் பக்கத்தில் நின்ற கதிரையில் அவர் வருஷாவருஷம் இருக்கிறார்.

அந்த மேடைகளில் ஏறுவது எனக்குப் பெரும்பாடு. பேசிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கத்தில் யாரோ கால்மாற்றி நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் படம்தான் இருக்கும். பயமென்று சொல்லமாட்டேன். ஆனால் நீ என்னை விட்டுப் போகவில்லை என்று அந்த நேரங்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

நேற்று வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "அதைப் போட்டா வில்லங்கம் வரும், ஐயா. தேர்தல் வருது. அப்புக்காத்தரின்ரை மகன்தான் இப்ப எல்லாத்தையும் பாக்கிறார்," என்றான். காரணத்தை எழுதாவிட்டாலும் போகட்டும், அந்த வருஷத்துத் தலைவர் என்று உன் பெயரையாவது போடு என்றேன். கேட்டுச் சொல்லுகிறேன் என்றான். கேட்பான், சொல்லமாட்டான். உன் பெயர் அந்த மலரில் வராது என்று இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்காக நான் அவர்களை மன்னிக்கப்போவதில்லை.

கூட வந்த மற்றவன் அதுவரை வாய் திறக்கவில்லை. கரவெட்டியில் வாத்தியாராம், நல்லாகக் கதைப்பானாம், கட்சியில் வளர்ந்து வருகிறானாம். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தபோது, பேணியை வாங்குமுன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். செயலாளர் சைக்கிளுக்குக் காற்று அடிக்க வெளியே போன நேரத்தில் அவன் கேட்டான்:

"அவர் ஏன் ஐயா உங்கடை கையைப் பிடிச்சு இருக்கேல்லை?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்புக்காத்தர் கேட்ட அதே கேள்வி. சொல்லில்தான் சின்ன மாற்றம். உனக்கும் விளங்கவில்லையா என்று ஏசுவதற்கு வாயெடுத்தேன். அவன் தலைகுனிந்தபடியே சொன்னான்:

"வாற மகாநாட்டுக்கு என்ரை பேரைச் சொல்லினம். முன்மொழியிறது அப்புக்காத்தரின்ரை மகன்."

 தகப்பன் செய்ததையே மகனும் செய்யப்போகிறான். பத்திரிகைகள் எழுதும், சனம் கைதட்டும். வருஷம் முழுக்க நிற்கச் சொல்லுவார்கள், அதற்கு இப்போது அழகான காரணமும் இருக்கிறது. இவனை யாரும் அவமதித்தார்கள் என்று சொல்லவே இடமிருக்காது.

"அந்த விதி இன்னும் கிடக்கு, ஐயா," என்றான். "ஆரும் அழிக்கேல்லை. நான் வாசிச்சுப் பாத்தன்."

அப்போதுதான் அவன் ஏன் வந்தான் என்று எனக்கு விளங்கியது. மலருக்காக வந்தவன் செயலாளர். இவன் என் கையைப் பார்க்க வந்திருக்கிறான். உயிரோடு இருக்கிற முன்னைய தலைவர்களில் மூத்தவன் நான். என்னை இருத்துவீர்களா என்று அவன் கேட்கவில்லை. உன்னைப்போலவே அவனும் வாய்விட்டுக் கேட்கமாட்டான்.

நீ என்ன சொல்லுவாய் என்று யோசித்தேன். நீ மறுத்தது ஒரு காரியதரிசியின் கையை. இப்போது இது முன்னைய தலைவர் ஒருவனின் கை. விதி கேட்பது அதைத்தான், கதிரையில் இருந்தவனா என்று அது கேட்கவில்லை. பிடிதான் முன்னைப்போல் இல்லை. இத்தனை வருஷமும் யாரையும் நான் இருத்தாமல் வைத்திருந்தது உனக்காகத்தான். அதை இவனுக்குக் கொடுக்க நீ சம்மதிப்பாயா என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. செயலாளர் வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தான். கரவெட்டியான் எழும்பினான்.

நான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கதிரையிலையிருந்து அந்தப் படத்தை எடுத்து வைக்கச் சொல்லு, தம்பி. உன்னை இருத்த நான் வருவன். காய்ச்சலெண்டாலும் வருவன்."